மச்சானின் விமானத்தில் ஏறிய உப்பு

என் மச்சானின் விமானம் கடலுக்குள் விழுந்தபோது நான் மனதுக்குள் அல்ஹம்துலில்லாஹ் என்றேன். அல்லாஹ்வைப் புகழ்ந்து நன்றி சொல்லுகிற வார்த்தை அது; ஒருத்தருடைய பொருள் நாசமாகிற நேரத்தில் சொல்லக்கூடியது இல்லை. ஆனால் பதினொரு வயதில் எனக்கு முதலில் வந்தது அதுதான். வாய் திறந்து சொல்லாததால் பாவத்தில் பாதியாவது குறையும் என்றும் நம்பினேன்.

மச்சான் என்றால் என் வாப்பாவின் தங்கச்சி மகன். கிண்ணியாவில் துறையடிக்கு இந்தப் பக்கம் எங்கள் வீடு, அந்தப் பக்கம் மாமி வீடு. அவனுக்கும் எனக்கும் ஒரே வயது; பின்னேரம் குர்ஆன் ஓதப் போகிற இடமும் ஒன்றுதான். மாமா கத்தாரில் வேலை செய்தார். மச்சானுக்கு நாலு வயதாக இருக்கும்போது போனவர், நடுவில் இரண்டு தரம் வந்து முகத்தைக் காட்டிவிட்டுப் போனார். அந்த வருடம் ஹஜ்ஜுப் பெருநாளைக்கு நிச்சயம் வருவார் என்று மாமி வீட்டுச் சுவருக்கெல்லாம் பச்சைப் பெயின்ற் அடித்து வைத்திருந்தார். மாமா வரவில்லை, லீவு கிடைக்கவில்லையாம். பெட்டி ஒன்றுதான் வந்தது. அதற்குள் பால்மா, சவர்க்காரம், மாமிக்கு ஒரு அபாயா. அடியில், பஞ்சுக்குள் சுற்றி, அந்த விமானம்.

விரல் பட்டால் மணி மணியாக உதிர்கிற வெள்ளை ரெஜிபோம் உடம்பு, சிவப்பு வால், மூக்கில் ஒரு காற்றாடி. ரிமோட்டில் இரண்டு குச்சிகள். ஒன்றைத் தள்ளினால் மேலே போகும், மற்றதைத் தள்ளினால் திரும்பும். ஒழுங்கையில் இருந்த வீட்டுச் சனமெல்லாம் அதைப் பார்க்க வந்தது. வந்தவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றியே மாமி களைத்துப்போனார். மச்சான் நடுவில் நின்று, தானே பறக்கிற மாதிரிக் கைகளை விரித்துக்கொண்டு கதை சொன்னான்.

எனக்கு அந்தப் பெருநாளைக்குக் கிடைத்தது ஒரு சோடிச் செருப்பும் சிவப்பு நகப்பூச்சுப் போத்தல் ஒன்றும். தொழுகைக்கு ஆகாது, பெருநாள் அன்றைக்கு மட்டும்தான் என்று சொல்லி உம்மா அதை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டியிருந்தார். விமானம் வருகிற வரைக்கும் அந்தப் போத்தல் என் பெரிய சொத்தாக இருந்தது. விமானத்தைப் பார்த்த பிறகு அதைப் பார்க்கவே எனக்கு வெறுப்பாக இருந்தது.

"ஒருக்கா தாவன்டா," என்று ரிமோட்டைக் கேட்டேன்.

"ஏலாது. பொம்பிளப் புள்ளயளுக்கு இது விளங்காது," என்றான்.

அன்றிலிருந்து எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. சோறு தின்னும்போதும் எரிந்தது, ஓதும்போதும் எரிந்தது. அந்தக் காற்றாடியின் 'விர்' சத்தம் எங்கள் வீட்டுக்குக் கேட்கச் சாத்தியமே இல்லை. எனக்குக் கேட்டது.

ஒரு விசயத்தில் மட்டும் நான் அவனைவிட மேல். என் வாப்பா போட் எஞ்சின் திருத்துகிறவர். துறையடியில் அவருக்கு ஒரு தகரக் கொட்டில் இருந்தது. பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு நான் பாலில்லாத பிளேன்ரீத் தேத்தண்ணிப் போத்தலைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, அங்கே கிடந்த ஒரு மரப்பெட்டியில் ஏறி இருப்பேன். வாப்பா கையைத் துடைத்துக்கொண்டு ஒரு சுருள் அவிச்ச கச்சான் கடலையை எடுத்து என் மடியில் போடுவார். பொழுதுபட்டு மஃரிபுக்குப் பாங்கு சொல்லும் வரைக்கும் கதை. எந்தப் போட்காரன் எஞ்சினுக்கு ஒயில் ஊற்றாமல் ஓடினான், எவன் வீட்டில் மனைவிக்குப் பயந்து கடலுக்குள்ளேயே கிடக்கிறான் என்றெல்லாம் எனக்குத் தெரியும். உம்மாவுக்குக்கூடத் தெரியாத கதைகள் அவை.

கொட்டிலுக்கு முன்னால் ஒரு நீலப் பரல், பெரிய பிளாஸ்டிக் பீப்பா, எந்த நாளும் நல்ல தண்ணீர் நிரப்பியபடி இருக்கும். எஞ்சின் கடலுக்குள் விழுந்துவிட்டால் தூக்கிக்கொண்டு இங்கேதான் ஓடி வருவார்கள். வாப்பா ஒரு கேள்வியும் கேட்காமல் முதலில் அதைப் பரலுக்குள் இறக்குவார். நனைந்து வந்ததைத் திரும்பவும் நனைக்கிறாரே என்று புதிய ஆட்கள் தலையில் கை வைப்பார்கள். உப்பைக் கழுவாமல் வெயிலில் காயவைத்தால் தண்ணீர் மட்டும்தான் போகும், உப்பு உள்ளேயே குந்தியிருந்து கம்பியையும் இரும்பையும் தின்றுவிடும். எனக்கு இது ஆறு வயதிலேயே தெரியும்.

வாப்பா குச்சவெளிக்குப் போயிருந்த ஒரு வெள்ளிக்கிழமைதான் விமானம் விழுந்தது. அங்கே இரண்டு போட்டுக்கு எஞ்சின் திருத்த மூன்று நாள் வேலை இருந்தது. இங்கே கடற்கரை வெளியில் மச்சான் விமானத்தை ஏற்றினான். காற்று கொஞ்சம் பலமாகத்தான் இருந்தது. பெடியன்கள் கத்தக் கத்த இன்னும் மேலே ஏற்றினான். பிறகு அது திரும்பவில்லை. ரிமோட்டின் குச்சியை உடைகிற அளவுக்குத் தள்ளிக்கொண்டு நின்றான். விமானமோ தன் பாட்டில் கடலுக்கு மேலே போய், கொஞ்சம் தள்ளாடி, மூக்கு முதலாகப் போய் விழுந்தது. அப்போதுதான் நான் மேலே சொன்னதைச் சொன்னேன்.

தோணியில் வந்துகொண்டிருந்த ஒருவர் அதை எட்டி எடுத்துக் கரைக்குக் கொண்டுவந்தார்.

"இந்தாங்கடா உங்கட கொக்கு. எனக்கு மீனும் இல்ல, இதுதான் கிடைச்சிச்சு," என்று சிரித்தார்.

மச்சான் சிரிக்கவில்லை. விமானத்தின் வயிற்றிலிருந்து தண்ணீர் ஒழுகி அவன் இடுப்பில் கட்டியிருந்த சறத்தை நனைத்தது. பற்றறியைக் கழற்ற நகத்தால் கிண்டிக்கொண்டு நின்றான். அந்தக் கூட்டத்தில் எத்தனை பெரிய பெடியன்கள் நின்றார்கள்! எல்லோரையும் விட்டுவிட்டு அவன் என்னிடம்தான் வந்தான்.

"எஞ்சின் கடல்ல விழுந்தா உன்ட வாப்பா என்ன செய்யிற? உனக்குத் தெரியும்தானே?"

தெரியும். கொட்டில் கூப்பிடு தூரத்தில் இருந்தது. பரல் நிறையத் தண்ணீரும் இருந்தது. "கொண்டா, ஓடு" என்று இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

"எனக்கென்ன தெரியும்? நான் பொம்பிளப் புள்ளதானே," என்றேன்.

அந்தச் சொல்லை அவனுக்குத் திருப்பிக் கொடுத்ததில் எனக்கு அப்படியொரு இனிப்பு. அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

"போன் நனைஞ்சா அரிசிக்குள்ளதானே வைக்கிற. கொண்டுபோய் வை," என்றும் சொன்னேன்.

மாமி வீட்டில் தம்பலகாமத்திலிருந்து வந்த அரிசி மூடை பிரித்தபடி இருந்தது. மூக்குக் கீழே, வால் மேலே என்று விமானத்தை அதற்குள் புதைத்தார்கள். நனைந்த போனை அரிசிக்குள் வைத்து எழுப்பிய கதை எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒன்று இருந்தது. ஆகவே அயலெல்லாம் வந்து ஆலோசனை சொன்னது. சிவப்பரிசிதான் தண்ணியை நல்லா இழுக்கும் என்றார் ஒருவர். இல்லை, சம்பா என்றார் இன்னொருவர். அடிக்கடி எடுத்துப் பார்க்கக்கூடாது, மூன்று நாள் கிடக்கட்டும் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். கழுவு என்று சொல்ல அந்தக் கூட்டத்தில் ஒருத்திக்குத்தான் தெரியும். அவள் வாய்க்குள் கொழுக்கட்டை வைத்தவள் போல நின்றாள். அந்த மூன்று நாளும் மாமி வீட்டுச் சோற்றில் வெள்ளை ரெஜிபோம் மணிகள் வந்தன. எங்களுக்கு அனுப்பிய கறிச்சோற்றிலும் இரண்டு கிடந்தது. உம்மா பார்க்கும் முன் எடுத்து எறிந்தேன்.

திங்கட்கிழமை பின்னேரம் வாப்பா கொட்டிலுக்குத் திரும்பினார். மாமியும் மச்சானும் விமானத்தைத் துவாயில் சுற்றிக்கொண்டு வந்தார்கள். நான் வழக்கம்போல மரப்பெட்டியில் இருந்தேன். வாப்பா சின்ன ஸ்குரூ ட்ரைவரால் வயிற்று மூடியைத் திறந்தார். உள்ளே இருந்த சின்னத் தகட்டில் வெள்ளையாகவும் பச்சையாகவும் பூத்திருந்தது. ஒரு கம்பி தொட்டதும் கையோடு வந்தது.

"நல்ல தண்ணியில கழுவல்லியா?"

"கழுவுறதா? நனைஞ்சத ஆராவது கழுவுவாங்களா? அரிசிக்குள்ளதானே வைச்சம் நானா," என்றார் மாமி தன் அண்ணனிடம்.

"அண்டைக்கே கழுவியிருந்தா அரை மணித்தியால வேலை."

வாப்பா ஒரு தரம் பரலைப் பார்த்தார். பிறகு மச்சானைப் பார்த்தார்.

"விழுந்த நேரம் ஆரெல்லாம் பக்கத்தில நிண்ட?"

மச்சான் என்னைப் பார்த்தான். அவன் சொன்னால் முடிந்தது. அடியைவிட, இனி இந்தப் பக்கம் வராதே என்று வாப்பா சொல்லிவிட்டால் என்ன செய்வது என்றுதான் பயந்தேன்.

"பெடியன்கள் நிண்டாங்க," என்றான் மச்சான்.

என்னைக் காப்பாற்றுகிறான் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. நான் தெரியாது என்று சொன்னதை அப்படியே நம்பிவிட்டான், மடையன் என்று நினைத்தேன்.

"சரி, விட்டுட்டுப் போங்க. பாப்பம்," என்றார் வாப்பா.

"நான் இரிக்கட்டா மாமா?"

"இரிங்க மருமகன்."

எங்கே இருக்கச் சொன்னார் தெரியுமா? என் பெட்டியில். என்னைத் தள்ளி இருக்கச் சொல்லி, பாதியை அவனுக்குக் கொடுத்தார். கச்சான் சுருளையும் எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்தார். நான் ஒரு கச்சானுக்கு ஒரு கச்சான் கணக்குப் பார்த்துத் தின்றேன். அவன் பேச்சில் தின்ன மறந்துபோகிறவன். அப்படி மறந்த நேரங்களில் அவன் பங்கையும் தின்றேன்.

அடுத்த நாளும் வந்தான். அதற்கடுத்த நாளும் வந்தான். வாப்பா பழைய பல்துலக்கும் பிரசால் உப்பைச் சுரண்டினார், அறுந்த கம்பிக்கு ஈயம் வைத்தார், வீங்கிப்போன பற்றறிக்குப் பதிலாக டவுனில் ஒரு போன் கடையிலிருந்து வேறொன்று வாங்கி வந்தார். எனக்குச் சொல்லுகிற கதைகளை அவனுக்கும் சொன்னார். மனைவிக்குப் பயந்து கடலில் கிடக்கிறவரின் கதையைக்கூடச் சொல்லிவிட்டார். அது எனக்கென்று மட்டும் சொன்ன கதை என்று நான் நினைத்திருந்தேன். மச்சான் பெட்டியிலிருந்து விழுகிற மாதிரிச் சிரித்தான். எஞ்சின் எடுக்க வந்தவர்கள் என்னைப் பார்த்து, "என்ன புள்ள, வாப்பா இப்பவே மாப்பிள்ளைக்கு வேலை குடுத்திட்டாரா?" என்று பகிடி பண்ணினார்கள். என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

எல்லாவற்றிலும் பெரிய அநியாயம் நாலாம் நாள் நடந்தது. ஈயம் வைத்த இடங்களுக்கு மேலே எதையாவது பூசினால் இனி உப்புப் பிடிக்காது என்று யோசித்த வாப்பா, உம்மாவிடம் கேட்டு என் நகப்பூச்சுப் போத்தலை எடுத்து வந்தார். என் சிவப்பு நகப்பூச்சு! என் நகத்துக்கே வருடத்தில் ஒரு நாள்தான். அது அவனுடைய விமானத்தின் வயிற்றுக்குள் சொட்டுச் சொட்டாகப் போனதைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

"வாப்பா, அது என்ட."

"கொஞ்சம்தானே மகள். வேற வாங்கித் தாறன்."

எனக்கு வேறு வேண்டாம். அவன் எழும்பி அவன் வீட்டுக்குப் போனால் போதும்.

அன்றைக்கே காற்றாடி சுற்றியது. தகரக் கொட்டில் முழுக்க 'விர்' என்று சத்தம். வாப்பா சின்னப் பிள்ளை மாதிரிக் கை தட்டினார். துலைந்தது சனியன், நாளையிலிருந்து என் பெட்டி முழுக்க எனக்கு என்று நானும் கை தட்டினேன். மச்சான் மட்டும் தட்டவில்லை. சாமான் கைக்கு வந்த சந்தோசமே அவன் முகத்தில் இல்லை.

அடுத்த நாள் அஸருக்குப் பிறகு நான் போகும்போது அவன் பெட்டியில் இருந்தான்.

"ஓடுதில்ல மாமா," என்றான்.

வாப்பா திறந்து பார்த்தார், பிரசால் தேய்த்தார், ஓடவைத்துக் கொடுத்தார். மறுநாள் திரும்பவும் "ஓடுதில்ல மாமா." அதற்கடுத்த நாளும். செய்த வேலையைத் திரும்பச் செய்யச் சொன்னால் போட்காரர்களைக் கிழித்துத் தோரணம் கட்டுகிறவர் என் வாப்பா. "என்ட வேலையில பிழையில்ல, உன்ட ஓட்டத்திலதான் பிழை" என்று சண்டைக்கே போவார். அந்த மனிதர் இவனிடம் மட்டும், "கொண்டாங்க மருமகன், பாப்பம்" என்கிறார். எனக்கு விளங்கவே இல்லை. ஆம்பிளைப் பிள்ளை இல்லாத குறையை இவனை வைத்துத் தீர்க்கிறார் என்று யாரோ போட்காரர் சொன்னது காதில் விழுந்தது. அந்த இரவு தலையணையைக் கடித்துக்கொண்டு அழுதேன்.

ஒரு வாரம் இப்படிப் போனது. ஒரு நாள் ஓதும் இடத்தில் எங்களைக் கொஞ்சம் முந்தி விட்டார்கள். பிளேன்ரீ எடுக்க வீட்டுக்கு நடந்தவள், கரையில் ஏற்றி வைத்திருந்த போட் ஒன்றுக்குப் பின்னால் மச்சானைக் கண்டேன். குந்தியிருந்தான். மடியில் விமானம் மல்லாந்து கிடந்தது, வயிற்று மூடி திறந்திருந்தது. கடலில் விரலை நனைத்தான். தண்ணீரை உள்ளே ஒரு சொட்டு விட்டான். திரும்ப நனைத்தான். கண்ணுக்கு மருந்து விடுகிற மாதிரி, அவசரமில்லாமல், நிதானமாக விட்டான். பிறகு மூடியைப் போட்டு, சேர்ட்டால் துடைத்து, விமானத்தைக் காற்றுக்குப் பிடித்துக்கொண்டு இருந்தான்.

எனக்குச் சொர்க்கம் கிடைத்த மாதிரி இருந்தது. பிளேன்ரீயை மறந்தேன், செருப்பு ஒன்று மணலில் புதைந்ததைக்கூட விட்டுவிட்டுக் கொட்டிலுக்கு ஓடினேன். அவனுக்கு முன்னால் போய்ச் சொல்லவேண்டும். இன்றோடு அவன் கதை முடிந்தது.

"வாப்பா! அவன்தான் பழுதாக்குறான்! நான் கண்டன்! கடல் தண்ணிய எடுத்து அவனே ஊத்துறான்!"

வாப்பா ஒரு எஞ்சினின் அடிப்பக்கத்தில் கையை விட்டுக்கொண்டு இருந்தார். கையை எடுக்கவும் இல்லை, நிமிரவும் இல்லை.

"தெரியும்," என்றார்.

"என்ன தெரியும்?"

"கடலுக்குள்ள விழுந்தா எல்லா இடத்திலயும் உப்பு இரிக்கும். இதுல எந்த நாளும் ஒரே இடத்தில, நான் பூசாத இடமாப் பாத்து இரிக்கு. கடல் அப்படிச் செய்யாது மகள்."

"பின்ன ஏன் திருத்திக் குடுக்கிறீங்க? அவன் உங்கள ஏமாத்துறான்! மாமிக்கிட்டச் சொல்லுங்க! நான் போய்ச் சொல்லட்டா?"

இப்போது கையை வெளியே எடுத்தார். துணியால் ஒவ்வொரு விரலாகத் துடைத்தார்.

"அவன் செய்யிறத நான் ஒருத்தருக்கும் சொல்லல்ல," என்றார். "நீ செஞ்சதையும் நான் ஒருத்தருக்கும் சொல்லல்ல."

பரலில் தண்ணீர் தளும்பிக்கொண்டு இருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை, நான்தான் பார்த்தேன்.

"எப்பிடித் தெரியும்?" என்று கேட்டேன்.

"ஆறு வயசில இருந்து நீ இந்தப் பெட்டியில இரிக்கிறாய்," என்றார். "ஆரெல்லாம் நிண்ட எண்டு கேட்ட நேரம் அவன் உன்னத்தான் பாத்தான். இப்ப அவன் வாற நேரம். தள்ளி இரு."

மச்சான் வந்தான். சேர்ட் நுனி நனைந்திருந்தது.

"ஓடுதில்ல மாமா."

"கொண்டாங்க மருமகன், பாப்பம்."

நான் தள்ளி இருந்தேன். வேறு என்ன செய்வது? வாப்பா கச்சான் சுருளைப் பிரித்து நடுவில் வைத்தார். அன்றைக்கு நான் கணக்குப் பார்க்கவில்லை; ஒன்றையும் எடுக்கவும் இல்லை. பிடிபட்டது நான், பிடித்ததும் நான். அவனோ ஒன்றுமே நடக்காதவன் போல, "மாமா, அந்தப் பொஞ்சாதிக்குப் பயந்த ஆள்ட கதையத் திரும்பச் சொல்லுங்க" என்கிறான். வாப்பாவும் சொல்கிறார், ஒரு சொல்லும் குறைக்காமல், முதல் நாள் சொன்ன மாதிரியே. இப்படியும் ஒரு அநியாயம் உலகத்தில் உண்டா என்று எனக்குக் கண் முட்டிக்கொண்டு வந்தது.

காற்றாடி சுற்றத் தொடங்கும்போது பாங்கு சொன்னார்கள். வாப்பா கொட்டிலைச் சாத்தினார். சைக்கிளை எடுத்தார். நான் பின் கரியரில் ஏறி, வழக்கம்போல அவருடைய சேர்ட்டைப் பிடித்துக்கொண்டேன். ஒயில் மணத்தது. மச்சான் மற்றப் பக்கம் போக வேண்டும். போகவில்லை. விமானத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, நான் வாப்பாவின் சேர்ட்டைப் பிடித்துக்கொண்டு போவதையே பார்த்தபடி வீதியில் நின்றான்.

"என்னத்தைப் பாக்கிறான் இவன்?" என்று கேட்டேன்.

வாப்பா சைக்கிளை மிதித்தார். வளைவு வரும்வரைக்கும் நான் தலையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே போனேன். அவன் அந்த இடத்திலேயே நின்றான். அந்த விமானம் மட்டும் எனக்குக் கிடைத்தால் பிறகு எனக்கு ஒரு குறையும் இருக்காது என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டே, விழாமல் இருக்க, வாப்பாவின் சேர்ட்டை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.